வகுப்பறையில் விருப்ப வாசிப்பு: பிள்ளைகள் தாங்களே புத்தகம் எடுக்கப் பழக்குவது எப்படி?

முதல் வருடம் நான் செய்தது இதுதான். பீரோவைத் திறந்தேன். வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தேன். படித்து முடித்ததும் ஒரு பக்கத்துக்குச் சுருக்கம் எழுதி வரச் சொன்னேன். மூன்றாவது வாரத்திலேயே பாதிப் பேர் புத்தகத்தை வீட்டில் 'மறந்து' வர ஆரம்பித்தார்கள். சுருக்கங்களைத் திருத்த உட்கார்ந்தால் நாலு நோட்டில் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை.

அப்புறம் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். ஈரோடு மாவட்டத்தில் சென்னிமலைக்கும் பெருந்துறைக்கும் நடுவே ஒரு நடுநிலைப் பள்ளி. நாலாவதும் ஐந்தாவதும் சேர்த்து முப்பது பிள்ளைகள். அப்பாக்கள் பலர் சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள், அம்மாக்கள் பலர் தறியில். பக்கத்துப் பள்ளிகளில் இதைத் தொடங்கியவர்கள் சறுக்கியதையும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே இடம்தான்: யார் எத்தனை படித்தார்கள் என்ற கணக்கு நோட்டு முதலில் வந்துவிடுகிறது, புத்தகம் அதற்குப் பின்னால் வருகிறது. ஆகவே கீழே உள்ள படிகளைக் கூட்டலாம், குறைக்கலாம். வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.

மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை இது பொருந்தும்.

தொடங்கும் முன் வேண்டியவை

பிள்ளைக்கு மூன்று புத்தகம் என்று கணக்கு வையுங்கள். முப்பது பிள்ளைகளுக்குத் தொண்ணூறு. கடைசியாக எடுக்க வருகிற பிள்ளைக்கும் முன்னால் அறுபது புத்தகம் மிச்சம் இருக்க வேண்டும். முப்பது பேருக்கு முப்பத்தைந்து புத்தகம் வைத்தால் முதல் பத்துப் பேர் தேர்ந்தெடுப்பார்கள், மற்றவர்கள் மிஞ்சியதை வாங்கிக்கொள்வார்கள்.

தொண்ணூறு என்றதும் மலைக்க வேண்டாம். பள்ளி நூலகப் பீரோவில் இருப்பதை முதலில் வெளியே எடுத்துப் பாருங்கள். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் மெல்லிசாக, படம் நிறைந்து இருக்கும். நாலு, ஐந்தாவதுக்கு வரும் 'ஊஞ்சல்', ஆறாவதுக்கு மேல் வரும் 'தேன்சிட்டு' இதழ்களின் பழைய பிரதிகள் எங்காவது ஒரு மூலையில் கட்டிக் கிடக்கும். பிரதம் புக்ஸ் என்ற சிறுவர் நூல் பதிப்பகம் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் ஏராளம். திறந்த உரிமம் என்பதால் இறக்கி அச்சடித்துக்கொள்ளத் தடை இல்லை. கறுப்பு வெள்ளையில் அச்சடித்தாலும் பிள்ளைகள் தாங்களே வண்ணம் தீட்டிவிடுவார்கள்.

அப்புறம் புத்தகங்களைத் தொங்கவிட நைலான் கயிறு, துணி காயப்போடும் கிளிப், நாலைந்து அட்டைப்பெட்டி. அவ்வளவுதான்.

தலைமையாசிரியரிடம் பேசவேண்டியது ஒன்று இருக்கிறது. பல பள்ளிகளில் பீரோ பூட்டியே கிடப்பதற்குக் காரணம் சோம்பல் அல்ல, இருப்புப் பதிவேடு. ஒரு புத்தகம் கிழிந்தாலோ காணாமல் போனாலோ தணிக்கையில் யார் பதில் சொல்வது என்ற பயம். இதை மூடி மறைக்காமல் முதலிலேயே பேசுங்கள். பதிவேட்டில் ஏறாத புத்தகங்களை, அதாவது அச்சடித்தவை, இதழ்கள், நன்கொடையாக வந்தவை ஆகியவற்றை முதல் மாதம் வெளியே வையுங்கள். பிள்ளைகள் கையாளும் விதத்தைப் பார்த்தபின் பதிவேட்டுப் புத்தகங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். பயன்பாட்டில் கிழிவதை ஏற்றுக்கொள்வதாகப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசி, கூட்டக் குறிப்பில் ஒரு வரி எழுதி வாங்கிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி.

1. முதலில் நீங்கள் படியுங்கள்

தொண்ணூறையும் படித்துவிடுங்கள். பெரும்பாலானவை பதினாறு, இருபத்துநாலு பக்கம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும்.

இதைத் தாண்டிக் குதிக்கிறவர்கள் நிறைய. ஆனால் ஒரு பிள்ளை கயிற்றின் முன்னால் முழித்துக்கொண்டு நிற்கும்போது, "உனக்கு நாய்க்குட்டி பிடிக்குமில்ல, இதைப் பாரு" என்று சொல்ல உங்களுக்குப் புத்தகம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் "ஏதாவது ஒண்ணு எடு கண்ணு" என்பீர்கள். அந்தப் பிள்ளையும் ஏதாவது ஒன்றை எடுக்கும்.

படிக்கும்போதே களையெடுங்கள். எறும்பு எழுத்தில் அச்சானவை, ஒவ்வொரு பக்கமும் அறிவுரை சொல்பவை, பக்கம் உதிர்பவை எல்லாம் பீரோவுக்கே திரும்பட்டும். ஆனால் உங்களுக்குப் பிடிக்காதவற்றையெல்லாம் ஒதுக்கிவிடாதீர்கள். கடிஜோக் புத்தகம், வினா விடைத் தொகுப்பு, பேய்க்கதை இவை எனக்கு ஆகாது. என் வகுப்பில் முதலில் கிழிந்தவை அவைதான்.

2. தரம் பார்த்து அடுக்காதீர்கள்

வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலை உண்டு. நமக்கு அது உதவும். பிள்ளைக்கு அதை முத்திரையாகக் குத்திவிடக் கூடாது. ஒரு பள்ளியில் நாலு பெட்டி வைத்து, யார் எந்தப் பெட்டியில் எடுக்கலாம் என்று பட்டியலும் ஒட்டியிருந்தார்கள். 'நுழை' பெட்டிப் பிள்ளைகள் ஒருவர்கூட மற்றவர்கள் பார்க்கும்போது எழுந்து போகவில்லை.

பொருள் பார்த்து அடுக்குங்கள். என் பெட்டிகளில் எழுதியிருப்பது: ஆடு மாடு, பேய், வண்டி, சிரிப்பு, நிஜமா நடந்தது, படம் மட்டும். ஒவ்வொன்றிலும் எளிதும் கடினமும் கலந்தே இருக்கும். 'வண்டி' பெட்டியில் கை விட்டவன் பக்கத்துக்கு இரண்டு வரி உள்ளதை எடுத்தாலும் வண்டிக்காக எடுத்ததாகத்தான் மற்றவர்கள் நினைப்பார்கள்.

கயிற்றை ஜன்னல் கம்பிக்குக் கம்பி, பிள்ளைகளின் மார்பு உயரத்தில் கட்டுங்கள். இருபது புத்தகமாவது அட்டை முகம் தெரியத் தொங்கட்டும். முதுகு மட்டும் தெரியும்படி அடுக்கினால் மெல்லிய புத்தகத்தில் பெயரே தெரியாது. வாரத்துக்கு ஒருமுறை கயிற்றில் இருப்பதைப் பெட்டிக்கும், பெட்டியில் இருப்பதைக் கயிற்றுக்கும் மாற்றுங்கள். புதுப் புத்தகம் வந்துவிட்டதா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள், தப்பில்லை.

3. முதல் வாரம் யாரும் எடுக்க வேண்டாம்

புத்தகம் கண்முன்னே தொங்கும். தொடக் கூடாது என்று சொல்லவும் வேண்டாம், எடு என்றும் சொல்ல வேண்டாம். தினமும் பத்து நிமிடம் நீங்கள் ஒரு கதையை வாசித்துக் காட்டுங்கள். கதையில் வருபவன் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த இடத்தில் பாதியிலேயே நிறுத்தி, புத்தகத்தைக் கயிற்றில் மாட்டிவிட்டுக் கணக்குப் பாடத்துக்குப் போய்விடுங்கள். மணி அடித்ததும் யார் அந்தக் கிளிப்பைக் கழற்றுகிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதோடு நாளுக்கு மூன்று புத்தகத்துக்கு, ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் விளம்பரம். கதையைச் சொல்லக் கூடாது. "இதுல ஒரு ஆயா இருக்காங்க, அவுங்க வளக்கறது நாய் இல்ல, பூனை இல்ல. என்னன்னு நான் சொல்ல மாட்டேன்." இந்த அளவு போதும். தேர்ந்தெடுக்கச் சொல்கிற பிள்ளைக்கு எதை நம்பித் தேர்ந்தெடுப்பது என்று ஒரு பிடி வேண்டும். வீட்டில் புத்தகமே இல்லாத பிள்ளைக்கு அட்டையைப் பார்த்து உள்ளே இருப்பதை ஊகிக்கிற பழக்கம் இருக்காது. அதை இந்த ஒரு வாரத்தில்தான் ஊட்ட முடியும்.

4. எடுக்கும் முறை

இரண்டாம் வாரம் திங்கட்கிழமை எடுக்கவிடுங்கள். முப்பது பேரையும் ஒன்றாக விட்டால் சந்தைதான். ஆறு பேராக அனுப்புங்கள். எந்த ஆறு பேர் முதலில் என்பது தினமும் மாற வேண்டும்.

அட்டையைப் பார், நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படி, பிடித்தால் எடு. இந்த மூன்றையும் ஒரு பையனையோ பொண்ணையோ வைத்து எல்லோர் முன்னிலும் செய்து காட்டுங்கள். ஐந்து விரல் முறை என்று ஒன்று சொல்வார்கள்: ஒரு பக்கம் படிக்கும்போது தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கு, ஐந்தும் மடங்கினால் புத்தகம் கடினம். சொல்லிக் கொடுங்கள், ஆனால் அது பிள்ளையின் கைக்கருவி. நீங்கள் பக்கத்தில் நின்று விரலை எண்ணினால் அது பரிட்சை ஆகிவிடும்.

தமிழில் இன்னொன்றும் உண்டு. நம் பிள்ளைகள் தடுக்குவது பெரும்பாலும் தெரியாத சொல்லில் அல்ல, பேச்சில் சொல்லாத உருவத்தில். 'வந்துட்டிருந்தான்' என்று பேசுகிற பிள்ளைக்கு 'வந்துகொண்டிருந்தான்' என்பது முழுநீளச் சரக்கு ரயில். 'பொழுதோட' என்றால் தெரியும், 'மாலைப்பொழுதில்' என்றால் நின்று யோசிக்கும். இதற்காகப் புத்தகத்தைப் பிடுங்க வேண்டியதில்லை. விரலால் சொல்லைப் பாதி மறைத்து 'வந்து', அப்புறம் 'கொண்டு', அப்புறம் 'இருந்தான்' என்று பிரித்துக் காட்டினால் நாலே நாளில் பழகிவிடும். பேச்சு நடையில் எழுதிய கதைகள் நாலைந்து கயிற்றில் இருந்தால் இன்னும் நல்லது.

5. நேரம்: எட்டு நிமிடத்தில் தொடங்கி இருபதுக்கு

முதல் நாளே இருபது நிமிடம் வைத்தால் பன்னிரண்டாவது நிமிடத்தில் பென்சில் சண்டை தொடங்கிவிடும். எட்டு நிமிடம் வையுங்கள். "அய்யோ, முடிஞ்சுருச்சா?" என்ற சத்தம் வந்தபின் இரண்டிரண்டு நிமிடமாகக் கூட்டுங்கள்.

கடைசி மணி நேரத்தில் வைக்காதீர்கள். அப்போது பஸ்ஸைத் தவிர எதுவும் மனதில் நிற்காது. மதிய உணவு முடிந்து ஒவ்வொருவராக உள்ளே வருகிற நேரம் எனக்குச் சரியாக வந்தது. தட்டுக் கழுவி வந்தவர் வந்தவர் எடுத்து உட்கார்ந்துவிடுவார்கள், வரிசைத் தள்ளுமுள்ளும் இல்லை. இரண்டு பேர் தூங்குவார்கள். தூங்கட்டும்.

பெஞ்சில்தான் உட்கார வேண்டும் என்பதில்லை. திண்ணை, வேப்பமரத்தடி, மேசைக்கு அடியில் எங்கும் உட்காரலாம். உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அந்த இருபது நிமிடம் நீங்களும் படிக்க வேண்டும். நோட்டுத் திருத்தக் கூடாது, செல்போனில் வருகைப்பதிவு போடக் கூடாது. சொல்ல எளிது, கடைப்பிடிப்பது கடினம். அந்த நேரம் பார்த்துத்தான் ஏதாவது ஒரு விவரம் உடனே வேண்டும் என்று குழுவில் செய்தி வரும். நான் செல்போனைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன்.

6. பாதியில் விடலாம்

மூன்று பக்கம் படித்துப் பார், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள். இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பல ஆசிரியர்களுக்கு மனம் ஒப்பாத இடம் இதுதான். "எடுத்தா முடிக்கணும், அதுதான் ஒழுக்கம்" என்பார்கள். தப்பான புத்தகத்தை எடுத்து, அது தனக்கு ஆகவில்லை என்று கண்டு, திருப்பி வைத்தால்தான் தனக்கு எது ஆகும் என்று பிள்ளைக்குத் தெரியவரும். முடித்தே ஆக வேண்டும் என்றால் அடுத்த முறை ஆகச் சின்னப் புத்தகமாகப் பார்த்து எடுக்கும்.

ஐந்தாவதில் ஒரு பையன். நாலு நாளில் பதினோரு புத்தகம் மாற்றினான். கயிற்றுக்கும் இடத்துக்கும் நடப்பதே அவனுக்கு வேலை. உள்ளுக்குள் எனக்குக் கோபம்தான், வாயைத் திறக்கவில்லை. 'ஆடு மாடு' பெட்டியின் அடியில், யாரோ பழைய தாள்களோடு கொண்டுவந்து போட்ட கால்நடை நோய்க் கையேடு ஒன்று இருந்தது. படம்கூடச் சரியாக இல்லை. அதை எடுத்துக்கொண்டு போனவன் இருபது நிமிடமும் எழுந்திருக்கவில்லை. அவன் வீட்டு மாட்டுக்கு அப்போது கோமாரி. 'குளம்பு', 'உமிழ்நீர்', 'கொப்புளம்' எல்லாம் அவன் வாசிக்கவே முடியாது என்று நான் நினைத்திருந்த சொற்கள். மூன்றாம் நாள் வந்து, "டீச்சர், மஞ்சத்தூள் போடறதப் பத்தி இதுல எழுதவே இல்ல" என்றான். அந்தக் கையேட்டைக் களையெடுக்கும்போது எடுத்துப்போட மறந்திருந்தேன், அதனால்தான் அது பெட்டியில் இருந்தது.

பக்கத்துக்குப் பக்கம் புரட்டிக்கொண்டே இருக்கிற பிள்ளையும் வரும். மாதம் ஒன்றானாலும் அப்படியே இருந்தால் அது விருப்பத்தின் பிரச்சினை அல்ல, எழுத்துக்கூட்டுவதின் பிரச்சினை. எட்டாம் படியைப் பாருங்கள்.

7. படித்தபின் என்ன கேட்பது

"இந்தக் கதையின் நீதி என்ன?" என்று கேட்காதீர்கள். ஒரு மாதம் இந்தக் கேள்வியை விட்டுவிட்டாலே பாதி வேலை முடிந்தது. சுருக்கம் வேண்டாம், கடினச் சொல் பட்டியல் வேண்டாம், மதிப்பெண் வேண்டாம்.

கடைசி மூன்று நிமிடம் இரண்டு பேர் பேசலாம். பேச விருப்பமுள்ளவர்கள் மட்டும். நான் கேட்பது இரண்டே கேள்வி: "அப்புறம்?" என்பது ஒன்று. "இதை யாருக்குக் கொடுக்கலாம்?" என்பது இன்னொன்று. இரண்டாவதுக்கு ஒரு பொண்ணு எழுந்து, ஒரு பையனைக் காட்டி, "இது அவனுக்கு. இதுல வர்றவனும் இவனாட்டவே திங்கறதுக்கே பொறந்தவன்" என்றாள். அடுத்த நாள் அந்தப் பையன் கயிற்றில் அதைத்தான் தேடினான். நான் விளம்பரம் செய்ததைவிட இது வேகமாகப் போகும்.

பரிசு பற்றி: 'அதிகம் படித்தவருக்குப் பரிசு' என்று அறிவித்த வகுப்புகளில் இரண்டே வாரத்தில் கனமான புத்தகங்கள் தூசி பிடித்துவிட்டன. மெல்லியதாகப் பார்த்து எடுத்து, புரட்டி, அடுத்தது. பேனா கொடுக்க ஆசையிருந்தால் எல்லோருக்கும் கொடுங்கள், வாசிப்போடு முடிச்சுப் போடாதீர்கள்.

பார்வையிட வருபவர்கள் ஆதாரம் கேட்பார்கள். அதற்கு ஒரு பெரிய தாள் போதும். இடப்பக்கம் புத்தகப் பெயர்கள், எடுத்தவர் தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்ளலாம். இதையும் இரண்டாவது மாதம் தொடங்குங்கள். எந்தப் புத்தகம் ஓடுகிறது, எது கிடக்கிறது என்று உங்களுக்கும் தெரியும்.

8. வாசிக்கத் தடுமாறுபவர்களும் வேறு மொழிப் பிள்ளைகளும்

விருப்ப வாசிப்பு எழுத்தைக் கற்றுத்தராது. எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்கு அதற்கென்று வேறு நேரம் ஒதுக்கித் தினமும் பயிற்சி கொடுக்க வேண்டும். புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டால் தானாக வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். அதே சமயம், எழுத்து வரட்டும், அப்புறம் புத்தகம் என்று ஒதுக்கியும் வைக்காதீர்கள். 'படம் மட்டும்' பெட்டி அதற்குத்தான். அதை எடுக்கிறவர்கள் தடுமாறுபவர்கள் மட்டும்தான் என்ற பேச்சு வராமல் இருக்க, நானே வாரத்தில் ஒரு நாள் அந்தப் பெட்டியிலிருந்து எடுத்துப் படிப்பேன்.

ஜோடியாகப் படிக்கலாம். ஜோடியைப் பிள்ளைகளே சேர்த்துக்கொள்ளட்டும். நன்றாகப் படிக்கிறவனையும் படிக்காதவனையும் நாமே கட்டிப்போட்டால் ஒருவன் குட்டி வாத்தியார் ஆகிவிடுவான்.

நம் பக்கத்து வகுப்புகளில் தமிழ் மட்டும் வீட்டுமொழி இல்லை. தெலுங்கும் கன்னடமும் தலைமுறைகளாக வீட்டில் பேசுபவர்கள் உண்டு. பஞ்சாலை, பனியன் கம்பெனி, சிப்காட் வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இந்தியும் ஒடியாவும் பேசுகிறார்கள். ஸ்டோரிவீவரில் ஒரே கதை பல மொழிகளில் இருக்கும். தமிழ்ப் பிரதியையும் அவர்கள் மொழிப் பிரதியையும் அச்சடித்து ஒரே கிளிப்பில் மாட்டுங்கள்.

ஒடிசாவிலிருந்து வந்த பொண்ணு ஒருத்திக்கு அப்படி மாட்டினேன். அந்த வட்ட எழுத்தைப் பார்த்ததும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடகடவென்று வாசிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்கு வாசிக்கத் தெரியவில்லை. ஒன்றாவது பாதியிலேயே இங்கே வந்துவிட்டவள். ஆனால் அப்பாவுக்குத் தெரியும். வீட்டுக்குக் கொண்டுபோய் அவர் வாயால் கதையைக் கேட்டு வந்து, மறுநாள் தமிழ்ப் பிரதியில் பக்கத்துப் பொண்ணோடு உட்கார்ந்தாள். கதை முன்பே தெரிந்திருந்ததால் தமிழ் வரிகளில் அடுத்து என்ன வரும் என்று அவளால் ஊகிக்க முடிந்தது.

9. வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது

ஒரு மாதம் வகுப்பில் ஓடியபின் வெள்ளிக்கிழமை தோறும். ஒரு புத்தகம், ஒரு துணிப்பை. பை அவசியம். புளிச்சாதமும் புத்தகமும் ஒரே பையில் போனால் என்ன ஆகும் என்று அனுபவத்தில் சொல்கிறேன்.

திங்கட்கிழமை புத்தகம் திரும்பி வராவிட்டால் அபராதம் போடாதீர்கள், எல்லோர் முன்னிலும் கேட்காதீர்கள். அபராதம் என்றதும் வீட்டிலிருந்து தகவல் வரும்: "இனிமே பொஸ்தகமே கொண்டாராத." ஆடு தின்றது, தம்பி கிழித்தது, அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) ஊரில் விட்டு வந்தது எல்லாம் நடக்கும். அதனால்தான் பதிவேட்டுப் புத்தகத்தை உடனே வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்கிறேன்.

பெற்றோரிடமிருந்து கட்டாயம் ஒரு கேள்வி வரும். ஒரு அம்மா பள்ளி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ஏனுங் டீச்சர், பாடப் பொஸ்தகத்த உட்டுட்டு கதப் பொஸ்தகத்தையே வெச்சுட்டு உக்காந்திருக்கறான். நீங்கதான் குடுத்தீங்களாமா?"

"ஆமாங்க, நாந்தான் குடுத்தேன். ராத்திரி அவன ஒரு பக்கம் உங்களுக்குப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க. நீங்க தறி ஓட்டீட்டே கேட்டாப் போதும்."

"தறிச் சத்தத்துல எங்கீங் கேக்கறது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பையன் தானே வழி கண்டுபிடித்தான், ஆத்தாவுக்கு, அதாவது பாட்டிக்குப் படித்துக் காட்ட ஆரம்பித்தான். வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது என்று எந்தப் பிள்ளையையும் விட்டுவிடாதீர்கள். கேட்க ஒரு காது இருந்தால் போதும்.

10. சொந்தக் காசில் ஒரு புத்தகம்

மக்கள் சிந்தனைப் பேரவை நடத்தும் ஈரோடு புத்தகத் திருவிழா ஆகஸ்டில் வரும். கோவையில் கொடிசியா வளாகத்தில் நடப்பது ஜூலையில். பள்ளி திறந்த ஜூனிலிருந்தே சிலுவாடு (சிறுசேமிப்பு) சேர்க்கச் சொல்லுங்கள். மண் உண்டியல் வகுப்பிலேயே இருக்கட்டும். காசு கொண்டுவர முடியாதவர்கள் யார் என்று வெளியே தெரியக் கூடாது. அவர்கள் பங்குக்கு மேலாண்மைக் குழுவில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

திருவிழாவில் நீங்கள் செய்ய வேண்டியது, வாயை மூடிக்கொண்டிருப்பது. ஐம்பது ரூபாய்க்கு ஒரு பையன் டைனோசர் ஒட்டுப்படப் புத்தகம் வாங்குவான். பக்கத்திலேயே நல்ல கதைப் புத்தகம் நாற்பதுக்கு இருக்கும். கை துறுதுறுக்கும். அவன் காசு, அவன் புத்தகம். முதலில் இரண்டு சுற்று பார்த்துவிட்டு மூன்றாவது சுற்றில் வாங்கு என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள், முதல் கடையிலேயே காசு தீர்ந்துபோகாமல் இருக்க. வாங்கியதை வகுப்பில் இரண்டு வாரம் கயிற்றில் மாட்ட விருப்பமிருந்தால் மாட்டலாம், கட்டாயமில்லை.

11. பழுது பார்க்கும் நாள்

மாதத்தின் கடைசி வெள்ளி. கோந்து, செல்லோடேப், தடிமனான நூல், ஊசி. கிழிந்ததைப் பிள்ளைகளே ஒட்டட்டும். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நூல் விஷயத்தில் சொல்லித்தர ஒன்றுமில்லை, முதுகுத் தையலை என்னைவிட நன்றாகப் போடுவார்கள். அதிகம் கிழிந்தவற்றின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை அவற்றில் இரண்டு பிரதி வாங்க வேண்டும். ஒருமுறைகூடக் கயிற்றை விட்டு இறங்காதவற்றைப் பக்கத்துப் பள்ளியோடு மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே அவற்றுக்கு ஆள் இருக்கலாம்.

ஏப்ரலில் கயிற்றைக் கழற்றும்போது கிளிப்புகளை எண்ணி, ஜூனுக்கு எத்தனை குறைகிறது என்று எழுதி வையுங்கள். புத்தகத்தைவிட வேகமாகக் காணாமல் போவது கிளிப்தான்.